இரண்டாம் பக்கம்

மன்னார்குடி, பந்தலடி, மாடி அறை.
கீழே பாத்திரக்கடை ஷட்டர் இறங்கிவிட்டது.
அறுவடை வண்டி வாடகைச் செயலியில்
மூன்று போகமாய் எட்டிப் பார்க்காதவர்களைக்
காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்,
இரட்டைப் பதிவுகளை அழிக்க வேண்டும்,
விடிவதற்குள்.

காப்பகம் என்றால்
பெயர் இருக்கும், தேடினால் வராது.
அழிப்பது வேறு.
ஒரு பதிவெண்ணை அனுப்பினேன்.
இருநூற்று நான்கு என்று பதில்.
சொல்ல ஒன்றுமில்லை என்பதற்கு
சர்வர் வைத்திருக்கும் எண் அது.
அதையே மறுபடி அனுப்பினேன், சும்மா.
நானூற்று நான்கு.
அப்படி ஒருவர் இல்லை.
இருந்தார் என்றுகூட இல்லை.

பேரளம் பக்கிரிசாமி இரண்டு பேராய் இருந்தார்,
ஒருவருக்கு நடுவில் ஒரு ச் கூடுதல்.
எவர் கையில் நிலம் என்று அட்டவணைக்குத் தெரியாது.
ச் உள்ளவரை அழித்தேன்.
பொதக்குடி ஜெகபர் அலியை மட்டும் தொட விடவில்லை.
நானூற்று ஒன்பது, முரண்பாடு:
பெல்ட் வண்டிக்குக் கட்டிய ஐந்நூறு ரூபாய்
இன்னும் தொங்குகிறது.
கொடுக்கல் வாங்கல் தீராதவரை
சர்வர் எவரையும் விடுவதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு சுழல் எழுதினேன்.
முதல் பக்கம், நூறு பேர், அனுப்பு.
இரண்டாம் பக்கம், நூறு பேர், அனுப்பு.
பக்கம் காலியாகும் வரை.
ஓட விட்டு
மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் எண்ணினால்
நாலாயிரத்தில் இரண்டாயிரம் அப்படியே.
முதல் நூறு போனதும்
அடுத்த நூறு நகர்ந்து
முதல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.
நான் இரண்டாம் பக்கத்தையே கேட்டுக்கொண்டு
அவர்களைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.
பாமணியாற்றங்கரையில் வளர்ந்தவள்.
ஷட்டரைத் தூக்கினால்
பின்னால் நிற்கிற தண்ணீர் நிற்குமா?

ஆறு நாற்பதுக்கு ஒரு மணியொலி.
பதிவு நூற்று முப்பத்தேழு,
கோட்டூர்ப் பக்கம் மரியசெல்வம்.
ஒன்றரை மா. பெல்ட் வண்டி.
மழைக்கு முன்னால் வேண்டும்.
குறிப்பில் கூடுதலாய் ஒரு வரி:
மூணு போகம் தண்ணி வரல, இப்பத்தான் வந்துச்சு.

முடிந்ததா என்று
வில்வநாதன் சார் போனில் கேட்டார்.
பாதி, என்றேன்.
பாதியா, அது எப்படி?

திருத்தம் ஒரே வரிதான்:
எப்போதும் முதல் பக்கத்தையே கேள்.
எழுதியும் விட்டேன்.
ஓட்டவில்லை.
மரியசெல்வத்துக்கு முதலில்
டிரைவர் நம்பர் அனுப்ப வேண்டும்.