பால்மாறன்

சட்டைப்பையில் கறுப்புத் தகடு:
எல்டர் பல்மாரஸ்.
எல்டர் என்றால் மூத்தவர் என்று
கொல்லப்பள்ளி விளக்கியபோது
ஒண்டிப்புதூர் இஸ்திரி வண்டிக்காரர்
மீசை முளைக்காத என் உதட்டைப்
பார்த்துவிட்டுச் சட்டைகளை எண்ணினார்.
பத்து. பத்தும் வெள்ளை.
"எந்தக் கட்சிங்க?" என்றார்.

ஆறரைக்கு எழ வேண்டும்.
ஒருவரையொருவர் பார்வையிலிருந்து விடக்கூடாது.
கொல்லப்பள்ளி காக்கிநாடாக்காரன்,
தூக்கத்திலும் தெலுங்கில் யாரோடோ வழக்காடுவான்.
ஆறு நாளைக்கொருமுறை குழாயில் தண்ணீர்.
அவன் குடம் பிடிக்க,
நான் மூன்று மாடி தூக்க,
சண்டை போடாத ஒரே நாள் அது.

திங்கட்கிழமைகளில்
இலோயிலோவிலிருந்து அம்மா திரையில் வருவாள்.
இளைத்துவிட்டாய் என்பாள்.
அக்கா கல்யாணத்தையும் அந்தத் திரையில்தான் பார்த்தேன்.
கேக் வெட்டக் கத்தி எடுத்தாள்,
இங்கே கரண்ட் போனது.
இருட்டில் கொஞ்சநேரம் கைதட்டினேன்.

முதல் மாதம் என் நாட்குறிப்பில்
இருபத்தேழு அழைப்புகள்.
எல்லாம் பட்டியலில் இருந்த வீடுகள்,
ஞாயிறு கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்து
நின்றுபோனவர்கள்.
கதவை முக்கால் திறந்து
நன்றாகத்தான் பேசினார்கள்.
டீ வேண்டாமென்றால் மட்டும் முகம் சுண்டியது.
கடைசியில் எல்லோரும் சொன்னார்கள்:
போயிட்டு வாங்க.
வரச் சொல்கிறார்களே என்று
மறுநாளே போய் நின்றேன்.

மூன்று வீடு வரை பொறுத்தான் கொல்லப்பள்ளி.
பிறகு சைக்கிளைப் புங்க மரத்தில் சாய்த்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
"போ என்று சொல்ல இவர்களுக்கு வாய் வராது.
அதனால் ஒரு வா-வை வாலில் கட்டி அனுப்புகிறார்கள்.
எங்கள் ஊரிலும் அப்படித்தான்."

இருபத்தெட்டாவது ஒரு பட்டறை.
வார்னிஷ் வாசனை, திறந்து கிடக்கும் பம்ப்செட்டுகள்,
கைப்பிடி சுழற்றிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள்
மயிலாத்தாள்.
துரைச்சாமியைப் பார்க்க வந்தோம் என்றேன்.
தாமிரக் கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல்
"அவரு போயிட்டாருங்" என்றாள்.

அந்தப் பாடம் எனக்குத் தெரியும்.
போகிறவர் வருவார்.
"எப்பொழுது வருவார்?" என்று கேட்டேன்,
புத்தகத் தமிழில்,
ஒரு பிழையும் இல்லாமல்.

என் மணிக்கட்டில் கொல்லப்பள்ளியின் கை இறுகியது.
கைப்பிடி நின்றுவிட்டது.
எத்தனையாவது சுற்று என்பது
அவளுக்கு விட்டுப்போயிருக்க வேண்டும்.
சுற்றியதையெல்லாம் பிரித்தாள்.
நாங்கள் நின்றோம்.
போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

கம்பி நுனியை மறுபடி மாட்டிக்கொண்டு
"எண்ணுவீங்களா?" என்றாள்.

ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கினேன்.
அறுபதில் தொண்டை வறண்டது.
எண்பத்தொன்பதுக்கு அடுத்து
நூறு என்றேன்.
"தொண்ணூறுங்" என்றாள்,
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
நூற்றிநாற்பதில் கம்பியை நறுக்கினாள்.

டீக்காரப் பையனைக் கொல்லப்பள்ளி தடுத்தபோது
கோபித்துக்கொள்ளவில்லை.
அவரும் நிறுத்தியிருந்தார், மூணு வாரம் என்றாள்.
தூக்குப்போசியைத் திறந்து மோர் ஊற்றினாள்.
"பேரென்னங்?"
பல்மாரஸ்.
"பால்மாறன்" என்று சொல்லிப் பார்த்தாள்.
"பால் மாறுனா மோர்தானுங். குடிங்க."

அறைக்கு வந்து அகராதியைப் புரட்டினேன்.
பால்மாறுதல்: தயங்குதல், சோம்புதல்.
மோரைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒன்பதரைக்கு முழங்காலிட்டோம்.
என் முறை.
பரலோகத் தந்தையே,
துரைச்சாமி போயிட்டாருங், என்றேன்.
அந்த ங் எப்போது என் நாக்கில் ஏறியதோ,
கொல்லப்பள்ளி திருத்தவில்லை.
அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல்
பால்மாறி
அப்படியே இருந்தேன்.
கீழ்வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள்.
தண்ணீர் மேலேறும் சத்தம் கேட்டது.