எழுபதின் பிழை

குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறது என்றார் டொக்டர்.
வலது காலுக்கு ஓய்வு கொடுங்கள், ரீச்சர்.
பாண்டிருப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போக
அறுபதுக்கு மேல், வரவும் அவ்வளவு.
ஓய்வை எந்தப் பாடவேளையில் போடுவது என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார்.

ஸ்ரேரிங்கின் கீழே, வலக்கைப் பக்கம்
ஒரு குட்டித் தண்டு இருந்தது.
இரண்டு வருடமாக அதில்
முகக்கவசம் தொங்கவிட்டிருந்தேன்.
அக்கரைப்பற்றில் வயரிங் பார்க்கிற இல்முடீன்தான்
அதைக் கழற்றி என் மடியில் போட்டார்.
"இது காலுக்குப் பதிலாள், ரீச்சர்.
பிடிச்ச வேகத்த விடாது."

சங்கமன்கண்டி கழிந்ததும் தெரு நேராகிறது.
எழுபதில் தண்டைக் கீழே அழுத்திக்
காலை எடுத்தேன்.
எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கலியாண வீட்டில் வேலை கிடைக்காதவள் போல
மிதிக்கும் கதவுக்கும் நடுவே நின்றது.

கார் ஓடியது.

சில்லு சுற்றுவதை ஒன்று எண்ணுகிறது.
எண்ணியதை எழுபதிலிருந்து இன்னொன்று கழிக்கிறது.
மிஞ்சுவதற்குப் பெயர் பிழை.
இடப்பக்கம் வயல், வலப்பக்கம் கடல்,
அல்லது மறுதலை,
அதற்கு ஒன்றும் தெரியாது.
வீட்டுக்குப் போகிறோம் என்பதும் தெரியாது.
பிழை மட்டும் தெரியும்.

வாடை எதிரே நின்று தள்ளியது.
அறுபத்தொன்பது. அறுபத்தெட்டு.
எஞ்சினின் தொண்டைக்குள்
வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு தகடு
செட்டையை மயிரளவு சாய்த்திருக்கும்.
காற்று கூடுதலாய் உள்ளே போயிருக்கும்.
மிதி தானாக இறங்கும், பேய் மிதித்தது போல,
என்று பார்த்திருந்தேன்.
அசையவே இல்லை.

பெரிய பிழைக்குப் பெரிய திறப்பு,
சின்னதுக்குச் சின்னது.
அவ்வளவோடு விட்டால்
அறுபத்தொன்பதரையிலேயே சோம்பிக் கிடந்துவிடும்.
அரைப் பிழையை யார் பொருட்படுத்துவார்?
ஆகவே அது கொப்பி வைக்கிறது.
சந்திக் கடை நவரத்தினத்தின் கடன் கொப்பி போல
அரை, அரை, அரை என்று எழுதிக்கொண்டே வந்து
கூட்டுத்தொகை பொறுக்காமல்
இன்னும் கொஞ்சம் திறக்கிறது.

பதின்மூன்றாம் தரத்துக்குத் தொகையிடல் படிப்பிக்கிறேன்,
பதினெட்டு வருடமாக.
வளைகோட்டின் கீழ்ப் பரப்பு என்று
சோக்கால் நிழலடிப்பேன்.
இன்றைக்குத்தான் அது என்னைச் சுமந்துகொண்டு போகிறது.

வகையிடலும் உள்ளே இருக்குமாம்:
பிழை எவ்வளவு அவசரமாகக் குறைகிறது என்று பார்த்து
எழுபதைத் தாண்டிப் பாயாமல்
முன்கூட்டியே அடங்குவதற்கு.
என் தம்பிக்கு அதைப் பூட்டாமல் விட்டுவிட்டார்கள்.

கோமாரிக்குக் கிட்ட எருமைகள்.
பத்தோ பதினைந்தோ, சேறு காயாத வயிற்றோடு,
தெருவை உறுதி எழுதி வாங்கியவை போல.
பிறேக்கைத் தொட்டேன்.
தொட்டதுமே அது கைவிட்டது.
ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை.
இருபது. பத்து. நின்றோம்.
கடைசியாக ஒரு கன்று
நடுக்கோட்டை முகர்ந்து பார்த்தது.
முன்சீற்றில் தயாபரன் சேர் வாய் திறந்தபடி நித்திரை.
பின்னால் றிஸானா ரீச்சர் கண்விழித்து
"யா அல்லாஹ், என்ன கொம்பு" என்றுவிட்டுத்
திருத்தாத கொப்பிகளில் மறுபடி சாய்ந்தாள்.

நாற்பது கடந்ததும் தண்டை மேலே தட்டினேன்.
ஒரு மூச்சு இழுத்து
ஐம்பது, அறுபது, எழுபது.
எழுபது ஞாபகம் இருந்தது அதற்கு.
எருமை இல்லை.
நான்தான் இன்னும் கொஞ்ச தூரம்
காலைப் பிறேக்கின் மேல் பிடித்துக்கொண்டே வந்தேன்,
தொடாமல்.

திருக்கோவிலுக்குப் பிறகு அதற்கு வேலையில்லை.
ஓட்டோ, வெள்ளைக்கோடு, ரியூசன் சைக்கிள்கள்,
மர நிழலில் பொலிஸ்.
இருவரையும் இறக்கிவிட்டு
வீட்டு வாசலில் நிறுத்தும்போது மூன்றே கால்.

நிறுத்தியதும் எழுபதும் அழிந்துபோனது.
நாளைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்து வலது காலை ஊன்றினேன்.
முள் தன் கொப்பியை
விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது.