கேளாத பக்கம்

ஆகஸ்ட்டின் நடுவாரம். காஷினாவே கடலுக்குப் போயிருந்தது.
ரொட்டிக் கடைக்காரன்கூடக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.
கட்டுப்பாட்டு அறையில் நான்,
குளிர்சாதனத்தின் இரைச்சல்,
பாதி தின்ற பீச் பழம்.

வெளியே சூரியகாந்தி வயல்களை வகிர்ந்துகொண்டு
வடக்கே மூன்று கிலோமீட்டர் ஒரு குழாய்,
மேற்கே மூன்று கிலோமீட்டர் ஒரு குழாய்.
உள்ளே காற்றுகூட இல்லை. ஒளி மட்டும்
போய்ப் போய்த் திரும்பும்,
வீட்டைப் பூட்டினோமா என்று
பாதி வழியில் திரும்பி வருகிறவளாக.

அல்வாரோவின் டிராக்டரை எங்களுக்குத் தெரியும்.
பீசா ரயிலைத் தெரியும்.
லிவோர்னோவில் அலை உயர்ந்தால் தரைக்குத் தெரியும்,
எனவே எங்களுக்கும் தெரியும்.
அணுக்கருவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நடுக்கத்துக்காகக்
காத்துக் கிடக்கிறோம்;
வாய்ப்பதெல்லாம் அக்கம்பக்கத்து வம்பு.

மதியம் மூன்று ஆகவில்லை.
அமெரிக்காவில் இரண்டு கருவிகளும் கேட்டுவிட்டன.
நூறு விநாடி.
தாழத் தொடங்கி, ஏறி, இன்னும் ஏறி
அறுந்துபோன ஒற்றைச் சுருதி.
இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள்,
அகலத்தில் ஒரு நகரம், எடையில் ஒரு சூரியன்,
சுற்றிச் சுற்றிச்
சுற்ற இடமில்லாமல் போன கணம்.

எங்கள் திரையில் ஒன்றுமில்லை.

சிலெஸ்தி தொலைபேசியில் கேட்டாள்:
"உங்களுடையது தூங்கிவிட்டதா, நிவெஸ்?"
கண்ணாடிகளைப் பார்த்தேன். லேசரைப் பார்த்தேன். வெற்றிடம் சரி.
எல்லாம் விழித்துத்தான் இருந்தன.
பழி போட அல்வாரோகூட அன்று வயலில் இல்லை.

எனக்கு இடக்காது கேட்காது.
ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி.
ஒற்றைக் காதுக்காரிக்குக் கூப்பிடுவது கேட்கும்,
எங்கிருந்து என்று தெரியாது.
சந்தையில் யாராவது பெயர் சொன்னால்
ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவேன்.

அதனாலோ என்னவோ
மற்றவர்களுக்கு முன்னால் எனக்கு உறைத்தது.
இரண்டு கைகளுக்கும் சரிநடுவே சாய்ந்து வரும் அலை
இரண்டையும் ஒரே அளவு இழுக்கும்.
கழித்தால் பூச்சியம்.
வானத்தில் நான்கே இடங்களில் எங்கள் கருவி செவிடு.
கேட்டிருக்க வேண்டியது கேட்கவில்லையென்றால்...

சிலெஸ்தி, வரைபடத்தை எடு.

அமெரிக்கா தந்தது வாழைப்பழத் தோல்போல் ஒரு நீள்பட்டை.
எங்கள் செவிட்டுத்தனம் அதில் ஒரு துண்டை நறுக்கியது.
மௌனம் சம்மதம் என்பார்கள்.
அன்று மௌனம் முகவரி.

சிலேயில் இருட்டக் காத்திருந்தார்கள்.
மில்லாரே என்றொருத்தி தொலைநோக்கியைத் திருப்பினாள்.
மங்கலான ஒரு மண்டலத்தின் ஓரத்தில்
நேற்று இல்லாத ஒரு புள்ளி.
முதலில் நீலம். நாள் போகப் போகச் சிவப்பு.
அந்தச் சிவப்புக்குள் பொன் என்றார்கள்,
பூமிகளை எடைக்கல்லாக வைத்து நிறுக்கும் அளவுக்கு,
பதின்மூன்று கோடி ஆண்டு பழைய பொன்.

என்னுடையது நான்கு கிராம் இருந்தது.
பீசா நிலையத்துக்கு எதிரே, பழைய நகை வாங்கும் கடையில்
தராசுத் தட்டு அசைந்ததாகக்கூடத் தெரியவில்லை.

சாந்த்ரோ எப்போதும் என் இடப்பக்கம் நடப்பான்.
காரை எப்போதும் அவனே ஓட்டுவான்.
பதினோரு வருடம்.
பேசாத மனிதன் என்று
என் அம்மாவிடம் அவனுக்காகப் பரிந்திருக்கிறேன்.
எவ்வளவோ சொல்லியிருக்கிறான் போல.
எங்கே நின்று சொன்னான் என்பது
இப்போது துல்லியமாகத் தெரிகிறது.

விடியும்போது நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.
ஆர்னோவின் மேல் மூடுபனி.
வலப்பக்க இருக்கையில் பீச் கொட்டை,
ஒவ்வொரு வளைவிலும் உருண்டது.

கேட்டது.