தொங்கல்

வூப்பர்தாலில் ரயில் தரையில் ஓடாது.
ஆற்றின் இரு கரையிலும் காலை அகட்டி நிற்கிறது
இரும்புப் பாதை.
மேலே சக்கரம், கீழே நாங்கள்.
முதல் வாரம் ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஆடியது.
ஆறாவது வாரம்
கம்பியைப் பிடிக்காமலே பாடக்குறிப்பு புரட்டினேன்.

திங்கள், செவ்வாய், புதன்
பார்மனில் பேரிங் சோதனைக்கூடம்.
வியாழன், வெள்ளி
குன்றின் மேல் வகுப்பு.
சனிக்கிழமை
துணி துவைக்கும் இயந்திரத்துக்கு
ஐம்பது சென்ட் காசு தேடி அலைவதற்கு
கிரெடிட் கிடையாது.

"படிக்கப் போனியா கண்ணு, வேலைக்குப் போனியா?"
ஞாயிறுதோறும் அப்பா.
ரெண்டுக்குந்தாம்ப்பா.
"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்லு."
இல்லப்பா, ஆத்துல காலே படல.
அதுக்கு மேல தொங்கிட்டுப் போறேன்.
அவர் சிரிக்கவில்லை.
கட்டிய பணத்தின் ரசீது
பீரோவில்தான் இருக்கிறது.

மிருதுபாஷினி என்ற என் பெயரில்
அடையாள அட்டை இடம் கொடுத்தது
மிருதுவுக்கு மட்டும்.
அந்த மிருதுவுக்குத் தந்த வேலை:
இருபத்துநான்கு பேரிங்குகளைப்
பாரம் ஏற்றிச் சுற்றவிட வேண்டும்,
உடைகிற வரைக்கும்.
உடைந்த மணியை எழுத வேண்டும்.
அவ்வளவுதான்.

உடைவதற்கு முன் ஒரு சிணுங்கல் வரும்.
பிறகு மேஜை லேசாக நடுங்கும்.
பிறகு சிவப்பு விளக்கு.
"ஷோன்!" என்பார் டெட்லெஃப்,
அழகு என்று அர்த்தம்.
ஒன்பதாம் எண், முந்நூற்றுப் பதினோரு மணி நேரம்,
வெளிவளையத்தில் பொரி பொரியாய்ப் பெயர்ந்திருக்கிறது.
ஷோன்.
நான்காம் எண், கூண்டு இரண்டாய்ப் பிளந்துவிட்டது.
ஷோன்.
ஒன்று கெட்டுப்போனதற்கு
இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை
நான் கோயம்புத்தூரில் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பேராசிரியர் ஹாக்லேண்டர்
பலகையில் புள்ளிகள் வைத்து
அவற்றின் ஊடே ஒரு கோடு இழுப்பார்.
இதே வைபுல் பரவலை ஊரில்
மூன்றாம் செமஸ்டரில் மனப்பாடம் செய்து
எண்பத்தேழு வாங்கியிருக்கிறேன்.
இப்போதுதான்
அந்தப் புள்ளிகளில் எண்ணெய் வாடை அடித்தது.
ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும்
யாரோ ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு
உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஜனவரிக்குள் இருபத்துமூன்று உடைந்தன.
பதினேழு உடையவில்லை.
ஆயிரம் மணி தாண்டியும் அதே முனகல்,
அதே பச்சை விளக்கு.
அறிக்கைக்கு இன்னும் ஒன்பது நாள்.
என் அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும்
பல் விழுந்த வாய்போல.

செவ்வாய் மாலை கூடத்தில் நான் மட்டும்.
அழுத்தக் குமிழில் கை வைத்தேன்.
இரண்டு திருகு போதும்.
விடிவதற்குள் சிவப்பு,
காலையில் ஷோன்,
கட்டம் நிரம்பிவிடும்.
யாருக்கும் தெரியாது.

விரல் எவ்வளவு நேரம் அங்கே இருந்தது
என்று எழுதி வைக்கவில்லை.
வெளியே பொடி மழையில் ரயில் போனது.
அதன் அதிர்வு
குமிழ் வழியாக வந்ததா,
கை நடுங்கியதா,
அதுவும் தெரியாது.
எடுத்துவிட்டேன்.

வியாழன் கேட்டேன், ஓட்டை ஜெர்மனில்:
உடையாததை எங்கே வைப்பது?
பேராசிரியர் புள்ளி வைக்கவில்லை.
வலப்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி வரைந்தார்.
இதுவும் தகவல்தான்,
இவ்வளவு மணி வரை தாங்கியது
என்று நிச்சயமாகச் சொல்லலாம்,
மிச்சம் நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவே.
அதை விட்டுவிட்டுக் கோடு போட்டால்
கோடு பொய் சொல்லும்.
சஸ்பென்ஷன் என்று அதற்குப் பெயர்.
ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்:
தொங்கல்.

பிப்ரவரி கடைசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
இங்கேயே வேலை தருவார்களா என்று அப்பா கேட்டார்.
தொங்கல்ல இருக்குப்பா என்றேன்.
கடைசியாகப் பார்மன் வழியே போகும்போது
ஜன்னல் முழுக்க என் மூச்சுப் பனி.
துடைத்துப் பார்ப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

பீளமேட்டில் இப்போது சித்திரை வெயில்.
மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது, முப்பது கிரெடிட்.
டெட்லெஃப் இன்னும்
ஷோன் என்று எழுதவில்லை.