ஈரக் கழிவு

ஆட்டம் கால் மணி நேரம் நின்றுபோனது
ஒரு காட்டெருமையால்.
கோத்தகிரிப் பள்ளியின் சிமெண்ட் தரையில்
ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று
அது எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.
யாரும் விசில் ஊதவில்லை.
பிள்ளைகள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்கள்.
ஏழாம் நம்பர் மட்டும்
பந்தை ஜெர்சிக்குள் போட்டு
வயிற்றோடு அணைத்து நின்றாள்.
குளிர்ந்தா எழும்பாது மேடம், என்றாள் பிறகு.

அதைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன்.
ஐந்தடி பத்து, இடது கை,
மூடுபனி வளையத்தை விழுங்கிய பின்னும்
சங்கிலி வலையின் சத்தத்தை வைத்தே
அடுத்த பந்தை எறிகிறாள்:
இவையெல்லாம் அதற்குக் கீழே.

கோவையில் என் கல்லூரிக்கு
விளையாட்டு ஒதுக்கீட்டில் மிச்சம் ஓர் இடம்.
பையில் கடிதம்:
கட்டணம் இலவசம், விடுதி இலவசம்,
தினம் இரண்டு முட்டை.
போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தாராம்,
காரில்.
ஒரு ஷூ பெட்டியை விட்டுப் போயிருக்கிறார்.
டேன்டீ லைன் வீட்டில், கட்டிலுக்கடியில்
டேப் பிரிக்காமல் கிடந்தது அது.
நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
வாந்தியை அடக்கிக்கொண்டு வந்தவள்.
கொண்டுவந்தது ஒரு கிலோ சாத்துக்குடி.

இருதயமேரி வேலை முடிந்து வந்தார்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டி
கடிதத்தை மகளிடம் கொடுத்தார்.
நிரோஷினி வாசித்தாள்,
மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல மூச்சு விடாமல்.
கேட்டு முடித்து அம்மா சொன்னார்:
எல்லாம் சரிங்க.
ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க?

எனக்குப் புரியவில்லை.
மகள்தான் சொன்னாள், தலை நிமிராமல்:
மழை நாள்ல கொழுந்து எடை போடுறப்ப
ஈரத்துக்குன்னு கழிச்சுக்குவாங்க மேடம்.
வெயில் நாள்லயும் கழிப்பாங்க, என்றார் இருதயமேரி.
இருபத்திரண்டு வருஷமா
தராசு சொன்னதும் சீட்டுல எழுதுனதும்
ஒண்ணா இருந்ததில்ல.
உங்க சீட்டுல அது எங்க இருக்கு?

இரண்டாம் பக்கம், ஆறாவது வரி.
'அணியில் நீடிக்கும் காலம் வரை.'

அந்த வரியை நான் எழுதவில்லை.
ஆனால் அதில் தடுக்கி விழுந்திருக்கிறேன்.
இரண்டாம் ஆண்டு, நவம்பர்,
வலது முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்.
ஸ்கேன் வந்த வியாழக்கிழமையே
மெஸ் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.
மீதிப் படிப்பை அப்பா வட்டிக்கு வாங்கினார்.

எட்டு வருஷத்தில் முப்பத்தொரு பெண்களைச் சேர்த்திருக்கிறேன்.
எல்லா வீட்டிலும் டீ குடித்தேன்.
எல்லா வீட்டிலும் முதல் பக்கத்தை மட்டுமே பேசினேன்.

அன்று சொன்னேன்.
ஏன் என்று இப்போதும் தெரியாது.
சொல்லிவிட்டு, பேனாவால் அந்த வரியை அடித்து
ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.
இது செல்லுமா?
தெரியாதும்மா. போய்ச் சண்டை போடணும்.

அவர் ஒரு சாத்துக்குடியை எடுத்து
உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.
வேறெதுவும் பேசவில்லை.

வாசல் வரை வந்த நிரோஷினி
ஒன்றே ஒன்று கேட்டாள்:
கீழ சூடா இருக்கும்ல மேடம்,
அங்க பந்து எவ்வளவு எழும்பும்?
இடுப்புக்கு மேலே கை வைத்துக் காட்டினேன்.
அவள் தன் இடது கையை
இல்லாத ஒரு பந்தின் மேல் வைத்து
கொஞ்சம் உயர்த்தினாள்.
யோசித்து, இன்னும் கொஞ்சம்.

கடிதம் அங்கேதான் இருக்கிறது, ஷூ பெட்டியின் மேல்.
இன்று செவ்வாய். போன் வரவில்லை.
முதல்வர் அறைக்கு வெளியே
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.
செல்போனில் இரண்டாம் பக்கத்தின் படம்.
உள்ளே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
மடக்கினால் வலிக்கும் என்று
வலது காலை
நடைபாதையில் நீட்டி வைத்திருக்கிறேன்.
போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.