பதினேழாவது கை

சபைக்கூட்டத்தில் எதிர்த்துத் தூக்கிய
பதினேழு கைகளில் ஒன்று என்னுடையது.
ஆதரவாகப் பத்தொன்பது.
பள்ளிக்கூடம் வந்துவிட்டது,
நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
எங்கள் லூத்தரன் கோயிலின் நிலவறையில்,
பதினொரு பிள்ளைகளோடும் இரண்டு பாஷைகளோடும்.

எனக்கு யார்மேலும் வருத்தமில்லை.
நான் கணக்கு எழுதுகிறவன்.
கொதிகலனுக்கு வயது நாற்பத்தொன்று.
கூரை ஒழுகுகிறது, அதுவும் பீடத்துக்கு நேர்மேலே;
போதகர் அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறார்.
இந்த லட்சணத்தில் க்ரேயானுக்குப் பணம் ஏது
என்றுதான் கேட்டேன்.
அவ்வளவுதான் கேட்டேன் என்று
வெகுநாள் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

ஜனவரியில் கொதிகலன் நின்றது.
வெளியே மைனஸ் இருபது.
கருவிப்பெட்டியோடு இறங்கினேன்.

கதவில் பச்சைத்துணி தொங்கினால் ஸ்பானிஷ் நாள்,
மஞ்சள் தொங்கினால் இங்கிலீஷ்.
அன்று பச்சை.
கோட்டும் குல்லாவும் கையுறையுமாக
ஜெபம் நடந்துகொண்டிருந்தது,
ஒவ்வொரு வாயிலிருந்தும் சின்னச் சின்னப் புகை.
நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் ஒன்றாகப் "பான்" என்றார்கள்.
எங்கள் வீட்டில் பான் என்றால் முட்டை பொரிக்கிற சட்டி.
பரமபிதாவிடம் தினம் ஒரு சட்டியா கேட்கிறார்கள்
என்று நினைத்தபடி மண்டியிட்டேன்,
கொதிகலன் முன்னால்.

டார்ச் பிடிக்க ஒருவன் தானாக வந்தான்.
ஒஸ்வால்டோ. ஐந்து வயது. முன்பல் ஒன்று இல்லை.
அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்;
அவள் தூங்கும் பகலெல்லாம்
அவன் எங்கள் நிலவறையில்.
பான் என்றால் ரொட்டி என்று
என் காதுக்குள் இங்கிலீஷில் சொன்னான்.
பச்சை நாளில் அது குற்றம்.
சொல்லிவிட்டு டீச்சர் மாரிசெலா பக்கம்
ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

கழற்றிய திருகாணிகளை
அவன் கையுறைக்குள் போட்டுவைத்தேன்.
திரும்பக் கேட்டபோது தரவில்லை.
"டோர்னியோ" என்றான்.
நானும் சொல்ல வேண்டுமாம்.
சொன்னால் ஒன்று. சொல்லாவிட்டால் இல்லை.
பாங்க்காரன்கூட என்னிடம்
இவ்வளவு கறாராக இருந்ததில்லை.
முதல் தடவை சொன்னபோது சிரித்தான்.
நான்காவது தடவை சிரிக்கவில்லை.
எட்டாவதில் தலையாட்டினான்,
போதகர் ஆட்டுவாரே, அப்படி.

கழற்றியது ஒன்பது.
வந்தது எட்டு.
எனக்கா கணக்குத் தெரியாது?
கேட்கவில்லை.
எட்டிலேயே மூடி நின்றது,
குழாய்கள் இருமின,
இரும்பு மெல்லச் சூடேறியது.
ஒரு பெண்குழந்தை குல்லாவைக் கழற்றிவிட்டு
என் வழுக்கையைப் பார்த்து
ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.
என்ன சொன்னாள் என்று
இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் மறுபடி வாக்கெடுப்பு.
எதிர்த்தவர்கள் பதினாறு.
மனம் மாறிவிட்டீர்களா என்றாள் டோனெட்.
முப்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள்.
தோள்பட்டை வலி, கை தூக்க முடியவில்லை என்றேன்.
அவள் இரவில் தைலம் எடுத்துவந்து
வலிக்காத தோளில்
வெகுநேரம் தேய்த்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
பிள்ளைகளை ஆராதனையில் பாடக் கூப்பிட்டிருந்தோம்.
ஒஸ்வால்டோவின் அம்மா கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவள்;
ஆனாலும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
பாட்டு முடியுமுன் தூங்கிப்போனாள்.
யாரும் எழுப்பவில்லை.

எல்லோரும் போனபிறகு
காணிக்கைத் தட்டைக் கவிழ்த்தேன்.
நோட்டுகள், சில்லறை,
வழக்கமாக விழும் ஒரு சட்டைப் பொத்தான்,
பொத்தானுக்கு அடியில்
ஒரு திருகாணி.
துடைத்திருந்தான். துரு இல்லை.

எந்தத் தலைப்பில் எழுதுவது?
நன்கொடை என்றால் அது நம்முடையதே.
கடன் வசூல் என்றால் கொடுத்தவன் யார்?
பேனாவைப் பிடித்துக்கொண்டு
விளக்கணைக்கிற நேரம்வரை இருந்தேன்.
பிறகு எழுதினேன்:

டாலர் நானூற்றுப் பன்னிரண்டு,
சென்ட் ஐம்பது,
டோர்னியோ ஒன்று.