பதினேழு தசம் ஆறு

கொழும்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
புதிய அலுவலக மென்பொருள் எப்படி?
ஐந்து நட்சத்திரம், கருத்தெழுத ஒரு பெட்டி,
வெள்ளிக்கிழமைக்குள்.

மூன்று போடு என்றார் பெரிய கிளாக்கர் லோறன்ஸ்.
"நாலு போட்டா இன்னொண்ணு அனுப்புவான்.
ரெண்டு போட்டா ஏன்னு கேப்பான்."
அவருடைய செக்ரோல் புத்தகம் மேசையில்தான் இருக்கிறது இன்னும்,
கணினித் திரைக்கு அடியில்,
உயரத்துக்கு.

ஸ்டோர் விமலசூரிய மாத்தயாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.
உரக் கணக்கை வட்டமாக வரைந்து
நிறம் நிறமாய் வெட்டித் தருகிறதாம்.
கேக் மாதிரி, என்கிறார்.
உரம் வந்து மூன்று மாதம்.

கோப்பெல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்குமென்று
பயிற்சிக்கு வந்த பையன் சொல்லிவிட்டுப் போனான்.
பொகவந்தலாவையில் மேகம் இரண்டு மணிக்கு வரும்.
ஜன்னல் வழியாகவே வரும்.
வந்ததும் டோங்கிளின் பச்சை விளக்கு அணையும்.
அதன்பிறகு திரையில் ஒரு வளையம்
சுற்றிக்கொண்டே இருக்கும், நாங்கள் பிளேன்டீ குடிப்போம்.

பிள்ளைக்காம்பரா யசோதராவின் பால்மாக் கடிதம்
பழைய எழுத்துருவில் அடித்தது.
புதியதில் திறந்தால்
அரைப்புள்ளி, அடைப்புக்குறி, ஆங்கில எச், மறுபடி அரைப்புள்ளி.
கவனிக்காமல் அப்படியே கண்டிக்கு அனுப்பிவிட்டேன்.
பால்மா வந்தது,
எப்போதும் வருகிற அளவே.

பெயர்ப் பட்டியலைத் திறந்தால்
முந்நூற்றுப் பதினொரு பெயருக்கும் கீழே சிவப்பு நெளிகோடு.
செங்கமலம் பிழை. முத்துலெட்சுமி பிழை.
மொழியை மாற்று என்றது, மாற்றப் போனேன்.
தமிழ், இந்தியா
என்று ஒன்றுதான் இருந்தது.
இந்தத் தோட்டத்தில் அந்தக் கேள்வியை
ஏற்கனவே ஒருதரம் கேட்டுவிட்டார்கள்.
கோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் எழுதலாம்.
எழுத நினைத்தது வேறு.

புதன்கிழமை காலை ஜன்னலுக்கு வந்தாள் அன்னபாக்கியம்,
படங்கு இன்னும் இடுப்பில், கையில் துண்டு.
"கிலோ பதினெட்டுன்னு போட்டிருக்கு.
அப்ப ஏன் அரைப்பேரு?"

பதினெட்டு எடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரை.
அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
கட்டத்தில் பதினெட்டு என்றுதான் இருந்தது.
கட்டத்தைத் தொட்டேன்.
மேலே நீளப் பட்டையில், சின்னதாக,
17.6.
கண்ணுக்கு முழுசாக்கிக் காட்டி
காசுக்குக் குறைத்து எண்ணியிருக்கிறது.

பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.
ஒரு பொத்தானை அழுத்தினேன்,
பட்டியல் முழுக்கத் தசம் முளைத்தது.
புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.
இப்போது சரி, அக்கா.
பதினேழு தசம் ஆறு. அரைப்பேர்.

பார்த்தாள்.
இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
"பதினெட்டுன்னு இருந்தப்பவாவது
தொரைகிட்ட போய்ச் சண்டை போட
ஒரு காயிதம் இருந்திச்சு."

புதியதை என்னிடமே நீட்டிவிட்டு
பழையதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.
தொங்கலுக்குப் போகும் படியில்
அட்டைக்கு உப்புத் தடவக் குனிந்ததைப் பார்த்தேன்.

கருத்துப் பெட்டியில் இருநூறு எழுத்துத்தான் கொள்ளும்.
தமிழில் அடித்தால்
புள்ளியை, கொம்பை, அரவை எல்லாம் தனித்தனியாகக் கழிக்கிறது.
அன்னபாக்கியம், எட்டு எழுத்து.
பதின்மூன்று போய்விட்டது.
இங்கே மட்டும் கூட்டி எண்ணத் தெரிகிறது அதற்கு.

"ஐயா, பதினேழு தசம் ஆறு என்பதை" என்று தொடங்கி
எங்கேயோ ஒரு கொம்பில் முட்டி நின்றது.
அழித்தேன்.

மூன்று நட்சத்திரம்.

பின்னேர நிறுவை நாலரைக்கு.
அதற்கு முன்னால்
செக்ரோலைத் திறந்து
எல்லாக் கட்டத்திலும் தசத்தை மறைத்து வைத்தேன்.
லோறன்ஸ் ஐயா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
பிளேன்டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.